டிராகனைக் கடைசியில் வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக் கால வீட்டு விளையாட்டுகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக ஆடும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற கதாபாத்திர விளையாட்டுகளுக்கும் இடம் கொடுத்திருந்தது மகிழ்ச்சி. ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பெரிய டிராகன் பொம்மை ஒன்றும், மேஜையில் நிறுத்தும் பலவகைக் குட்டி உருவங்கள் கலந்த பெட்டி ஒன்றும் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. அந்த வழியில் போனால் காசு கரையும். வேண்டிய நேரத்தில் வேண்டிய உருவம் மட்டும் கையில் இருக்காது. பெட்டியில் பத்து எலும்புக்கூடுகள் இருக்கும், கதையில் ஒன்றுகூட வராது.

எதை வாங்குவது என்பதைக் கடை அல்ல, நடத்தப்போகும் சாகசக் கதைதான் தீர்மானிக்க வேண்டும். வாங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பதிப்பு, மினியேச்சர் படைகளை நகர்த்தும் போர் விளையாட்டிலிருந்து கிளைத்ததுதான். ஆனாலும் உருவங்கள் இருந்தால் அழகு, இல்லாவிட்டாலும் ஆடலாம் என்று அதன் முன்னுரையே சொல்லிவிட்டது. பேச்சிலும் பகடையிலும் நடக்கிற ஆட்டம் இது. யார் எங்கே நிற்கிறார், அம்பு யார்மேல் படும், நெருப்புக் கோளம் எத்தனை பேரைச் சுடும் என்ற கேள்விகள் எழும் சண்டைக் காட்சிகளுக்குத்தான் உருவம் வேண்டும்.

ஆகவே கதையை முழுதாக ஒருமுறை படித்து, ஒவ்வொரு சண்டையிலும் எந்த உயிரினம் எத்தனை என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கூட்டக் கூடாது. ஒரே சண்டையில் வரும் அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எடுக்க வேண்டும். ஓர் உதாரணம். சாலையில் மறைந்திருந்து தாக்கும் 4 கோப்ளின்கள் (குட்டிப் பூதங்கள்). குகையில் 6 கோப்ளின்கள், 2 ஓநாய்கள், அவர்களின் தலைவனாகப் பக்பேர் என்ற முரட்டுப் பூதம் ஒன்று. இடிந்த கோட்டையில் 3 கோப்ளின்கள், ஓகர் என்ற ராட்சதன் ஒருவன். கூட்டினால் 13 கோப்ளின்கள். தேவையோ 6தான். செத்த கோப்ளின் மேஜையைவிட்டு இறங்கி அடுத்த சண்டையில் மறுபடி வரும். வீரர்கள் நால்வரையும் சேர்த்தால் மொத்தம் 14 உருவங்கள். குகை வாசலில் சத்தம் கேட்டு உள்ளறைக் காவலர்களும் ஓடிவந்துவிட்டால் எண்ணிக்கை ஏறும் என்பதால் கோப்ளின் இரண்டு கூடுதலாக இருக்கட்டும். கிராமத்து விடுதிக்காரர், பூசாரி, கடைக்காரர் யாருக்கும் உருவம் தேவையில்லை. கூடவே பயணம் செய்கிற துணைப்பாத்திரம் இருந்தால் அவருக்கு மட்டும் ஒன்று.

ஆறு கோப்ளின்களும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் இன்னொரு தொல்லை. எந்தக் கோப்ளினுக்கு எத்தனை காயம் என்று நடத்துபவர் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே ‘நான் அடித்தது இவனையா அவனையா’ என்று கேள்வி வரும். வில்லோடு இரண்டு, வாளோடு மூன்று, கொஞ்சம் மிடுக்காக நிற்கும் ஒன்று என்று எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு, உருவம் நிற்கும் அடித்தட்டின் விளிம்பில் ஆளுக்கொரு வண்ணப் புள்ளி போதும். எண் எழுதினால் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. நாலு பக்கமும் வைத்த புள்ளி தெரியும்.

அடுத்து அளவு. பணம் அதிகம் வீணாவது இங்கேதான். இந்த விளையாட்டின் வரைபடத்தில் ஒரு கட்டம் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ.; கதையில் அது 5 அடி. மனிதன், எல்ஃப், குள்ளன், ஓர்க், கோப்ளின் எல்லாருக்கும் ஒரு கட்டம். அடித்தட்டு 25 மி.மீ. ஓகர், ட்ரோல், குதிரை, ராட்சதச் சிலந்தி, ஆந்தைக்கரடி ஆகியவை இரண்டுக்கு இரண்டு கட்டம், 50 மி.மீ. தட்டு. அதற்கு மேல் மூன்றுக்கு மூன்று, நாலுக்கு நாலு. பெட்டியில் ‘28 மி.மீ.’, ‘32 மி.மீ.’ என்று போட்டிருப்பது தட்டின் அளவல்ல, ஆள் உயரம். அதிலும் பலர் பாதத்திலிருந்து கண்வரைதான் அளப்பார்கள், உச்சந்தலைவரை அல்ல. ஆகவே உயரம் கொஞ்சம் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை. தட்டு மீறக் கூடாது. போர் விளையாட்டுகளுக்கென்று வரும் பல உருவங்கள் 32 மி.மீ. வட்டத் தட்டோடு வரும். அப்படி இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் 64 மி.மீ. ஆகிறது. பத்தடி அகலச் சுரங்கப்பாதை வரைபடத்தில் 50.8 மி.மீ.தான். ஒருவர் சுவருக்குள் நிற்க வேண்டியதுதான்.

தட்டு சரியாக இருந்தும் பொருந்தவில்லை என்றால், வரைபடத்தைப் பாருங்கள். ஏ4 தாளில் அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவு தானாகவே இயங்கி, கட்டத்தைச் சுருக்கிவிடும். நூறு சதவீத அளவு என்று மாற்றி, ஒரு தாளுக்கு 7க்கு 10 கட்டம் வைத்தால் ஓரம் வெட்டுப்படாது. முதல் தாளை அச்சிட்டதும் பத்துக் கட்டங்களை அளவுகோலால் அளந்து, 25.4 சென்டிமீட்டர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை அச்சிடுங்கள்.

இப்போது டிராகனுக்கு வருவோம். தொடக்கநிலைக் கதைகளில் டிராகன் வந்தால் பெரும்பாலும் அது குட்டி அல்லது இளம் டிராகனாகத்தான் இருக்கும். குட்டிக்கு ஒரு கட்டம், இளசுக்கு 50 மி.மீ. தட்டு. கடையில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பெரிய உருவம் முழு வளர்ச்சியடைந்த டிராகன், 75 மி.மீ. வேண்டும், தொல்பழைய டிராகன் என்றால் 100. விரித்த இறக்கை பக்கத்துக் கட்டங்களின் மேல் தாழ்வாக நீண்டிருந்தால், வாளை உயர்த்திய வீரனை அங்கே நிறுத்தவே முடியாது. நிறுத்தினால் இடித்துச் சாயும். இறக்கை மடித்த வடிவம் பாருங்கள். விரித்ததுதான் பிடித்திருக்கிறது என்றால், இறக்கையின் அடிப்பகுதி மேஜையிலிருந்து 45 மி.மீ.யாவது மேலே இருக்கிறதா என்று அளந்து எடுங்கள்.

வீரர்களின் உருவங்களை நடத்துபவர் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஆடுபவர் தேர்ந்தெடுக்கட்டும். அவரிடம் கேட்க வேண்டியது கையில் என்ன, உடம்பில் என்ன கவசம், தலையில் என்ன என்ற மூன்றுதான். முகம் எப்படி இருக்கிறது என்பது மேஜைக்கு மறுபக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாது. மூன்றடி தூரத்திலிருந்து நிழலுருவத்தை வைத்தே இவர் மந்திரவாதி, இவர் வில்லாளி என்று தெரிய வேண்டும். நீண்ட கோல், விரிந்த மேலங்கி, முதுகில் அம்பறாத்தூணி, பெரிய கேடயம் ஆகியவை தூரத்திலும் பேசும். இரண்டு கத்தியோடு குனிந்து நிற்கும் திருடன் பொம்மை படத்தில் அருமையாக இருக்கும். மேஜையில் கரிய கட்டியாகத்தான் தெரியும்.

ஆடுபவர்களில் ட்ரூயிட், அதாவது விலங்காக உருமாறும் இயற்கை மந்திரவாதி இருந்தால் அவர் மாறும் விலங்குகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். ஒரு கரடி, ஒரு ஓநாய் இல்லாமல் எந்த ட்ரூயிடும் காலம் தள்ளியதில்லை. விலங்குகளை வரவழைக்கும் மந்திரம் 2014 விதிகளின்படி அடிப்படை நிலையிலேயே எட்டு ஓநாய்கள்வரை இறக்கும். 2024 திருத்தத்தில் அது ஒரே கூட்டமாக, இரண்டுக்கு இரண்டு கட்டத்தில் நிற்கிறது. எந்தப் பதிப்பை ஆடுகிறோம் என்று கேட்டுக்கொள்ளாமல் எட்டு ஓநாய் வாங்கிவிடாதீர்கள்.

விலங்குகளுக்கு ஃபேன்ஸி ஸ்டோர் பிளாஸ்டிக் பொம்மைகளே போதும். இது ஏழைக்கேற்ற எள்ளுருண்டை அல்ல, இந்த விளையாட்டின் பழைய மரபு. ஹாங்காங்கில் தயாரான மலிவு பொம்மைப் பை ஒன்றில், வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள் என்ற பெயரில் எந்த விலங்கும் அல்லாத விநோதங்கள் கிடந்தன. கைகாக்ஸ் அவற்றை மேஜையில் வைத்து ஆடியதில் பிறந்தவைதான் இந்த விளையாட்டின் அரக்கர்களான துருப்பூதமும் ஆந்தைக்கரடியும் புலெட்டும். வாங்கும்போது தோள் உயரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். விளையாட்டு உருவங்களின் அளவு நிஜத்தில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. குதிரை என்றால் 25 மி.மீ., யானை 45 முதல் 50 மி.மீ., புலி 15 மி.மீ. பொம்மைப் பையில் வரும் புலி வழக்கமாக யானை அளவுக்கு இருக்கும். அதை வீசிவிட வேண்டாம்; வாள்பல் பூனை என்று சொல்லி 50 மி.மீ. தட்டில் ஒட்டிவிடலாம்.

சிலவற்றுக்குப் பொம்மையே வேண்டாம். பத்தடிக் கனசதுரமாக ஊர்ந்துவரும் ஜெல்லி அரக்கனுக்கு, 50 மி.மீ. பக்கமுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் விழுங்கப்பட்டவரை உள்ளே நிறுத்தியே காட்டலாம். கடையில் விற்கும் எந்த உருவமும் அதற்கு ஈடாகாது. பூச்சிக் கூட்டத்துக்குத் தட்டில் பசை தடவி எள்ளைத் தூவினால் வேலை முடிந்தது.

பொருளைப் பொறுத்தவரை, கொலுவில் வைக்கிற பொம்மை அல்ல இது. பல கைகள் தூக்கி வைக்கும், அவ்வப்போது தரையிலும் விழும். உலோக உருவம் கனமாக அசையாமல் நிற்கும். விழுந்தால் பெயின்ட் பெயரும், ஒட்டிய கை கழலும். ஃபெவிக்விக் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. துளையிட்டு, பேப்பர் கிளிப் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்ட வேண்டும். மென்மையான பிவிசி உருவங்கள் விழுந்தால் உடையாது, சிறுவர்களோடு ஆடுவதற்கு அதுவே நல்லது. வேலும் வாளும் வளைந்து வரும். கொதித்து இறக்கிய நீரில் அரை நிமிடம் அமிழ்த்தி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் முக்கினால் நேராகும். பிளாஸ்டிக் உருவம் எடையின்றிச் சாய்ந்தால், 12 மி.மீ. போல்ட்டுக்கான சாதாரண வாஷர் ஒன்றை ஹார்டுவேர் கடையில் வாங்குங்கள். வெளிவிட்டம் 24 மி.மீ., தடிமன் இரண்டரை. நடு ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, மேலே உருவத்தை ஒட்டினால் தனித் தட்டே தேவையில்லை.

முப்பரிமாண அச்சில் ரெசின் (ஒளியில் உறையும் திரவப் பிசின்) நுணுக்கமாக வரும், ஆனால் மெல்லிய வாள்முனை படக்கென்று ஒடியும். தடித்த ஆயுதம் உள்ள கணினிக் கோப்பாகத் தேர்ந்தெடுங்கள். உள்ளீடற்று அச்சிட்ட பெரிய உருவத்தில் வடிதுளை இல்லாவிட்டால், உறையாத ரெசின் உள்ளேயே தங்கிச் சில மாதம் கழித்து வெடிப்பு வழியாகக் கசியும். அது தோலில் படக் கூடாத சரக்கு. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டவை சுமார் 60 டிகிரியில் இளகும்; மே மாத வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் விட்டுவிட்டு வந்தால் ஓகர் கூன்விழுந்து நிற்பான். வெளியில் கொடுத்து அச்சிடுகிறவர்கள், கோப்பின் உரிமத்தையும் படித்துப் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கும் கோப்பை, காசு வாங்கி அச்சிட்டுத் தரக் கடைக்காரருக்கு உரிமை கிடையாது.

பெயின்ட் அடிப்பது தனிக் கலை. வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்களை மட்டும் சொல்கிறேன். உருவத்தைச் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் கழுவாவிட்டால், அச்சு எண்ணெய்மேல் நிறம் பிடிக்காது. பிவிசிமேல் ஸ்பிரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தால் சிலவகை நாள்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். தூரிகையால் பூசும் அக்ரிலிக் பிரைமர்தான் அதற்குச் சரி. மழைக்காலத்திலும் கடலோரப் புழுக்கத்திலும் மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேற்பூச்சு) ஸ்பிரே அடித்தால், ஈரம் சிக்கி உருவம் முழுக்க வெள்ளைப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். அந்த மாதங்களில் அதையும் தூரிகையால் பூசுங்கள். மின்விசிறிக்கடியில் அக்ரிலிக் நிறம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஈரமான ஸ்பாஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் நிறம் குழைத்தால் மணிக்கணக்கில் தாங்கும்.

இத்தனையும் வேண்டாம், இந்த வாரமே ஆடவேண்டும் என்பவர்களுக்கு அட்டை உருவம் இருக்கிறது. முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் தலையோடு தலை ஒட்டியிருக்குமாறு, ஒவ்வொன்றும் 30 மி.மீ. உயரத்தில் அச்சிட்டு, நடுவில் மடித்து ஒட்டினால் நிற்கும் ஆள் தயார். தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் குறைந்தால் விசிறிக் காற்றில் மொத்தப் படையும் புரண்டுவிடும். ஃபெவிகாலை அள்ளித் தடவினாலும் அட்டை நெளியும். அடியில் அதே வாஷரை ஒட்டிக்கொள்ளலாம். நான்கைந்து வாரம் அட்டையிலேயே ஆடிப்பார்த்தால், எந்த உருவம் திரும்பத் திரும்ப மேஜைக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். அதை வாங்குங்கள்.

எடுத்து வைக்க, தட்டின் அடியில் சிறு காந்தம் ஒட்டித் தகரப் பெட்டியில் நிறுத்துவது பலரும் செய்வது. வாஷர் ஒட்டியவற்றுக்குப் பெட்டியின் உள்ளே அடித்தளத்தில் காந்தத் தாள் விரித்தால் போதும், தனிக் காந்தம் வேண்டாம். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த இரண்டாவது வழிதான் நல்லது. உதிர்ந்த நியோடிமியம் காந்தங்கள் இரண்டை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால், அவை குடலின் இரு மடிப்புகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக் குடலையே துளைத்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை