நாளைய திட்டம்: க்னோசோஸும் ஹெராக்லியோன் அருங்காட்சியகமும்

எல்லோருக்கும் வணக்கம். நாளை காலை ஏழரைக்கு ஹோட்டல் வாசலில் கூடுவோம். க்னோசோஸ் என்பது கிரீஸின் கிரீட் தீவில் உள்ள பழங்கால மாளிகையின் இடிபாடு. ஹெராக்லியோன் ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர்தான், டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். திறந்ததும் உள்ளே நுழைந்துவிடுவது நல்லது. நேரமாக ஆக அரியணை அறைக்கு வரிசை நீண்டுவிடும். நிழல் குறைவு. தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு கட்டாயம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கே பளிச்சென்று நிற்கும் சிவப்புத் தூண்கள் பழசு இல்லை. 1900-இல் அகழாய்வைத் தொடங்கிய ஆர்தர் எவான்ஸ் கான்கிரீட் வைத்து எழுப்பியவை. மேலே பருத்து கீழே சிறுத்த அந்த வடிவம்தான் மாளிகையைக் கட்டிய மினோவர்களுடையது (வெண்கலக் காலத்தில் கிரீட்டில் வாழ்ந்தவர்கள்). சுவரோவியங்களும் நகல்கள்தான். எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் வெறும் அடித்தளக் கல்லைப் பார்த்து மாளிகையைக் கற்பனை செய்யச் சொன்னால் பிள்ளைகள் அரை மணியில் சலித்துவிடுவார்கள், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அசல் எல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாப்பிட்ட அப்புறம் அங்கே போகிறோம். காளைமேல் ஆள் பாயும் சுவரோவியம் மாடியில். ஃபைஸ்டோஸ் வட்டு என்ற களிமண் தகடு, கிரீட்டின் இன்னொரு மாளிகையான ஃபைஸ்டோஸில் 1908-இல் கிடைத்தது. சுமார் 16 செ.மீ. அகலம்தான். ஈரக் களிமண்ணில் அச்சால் பதித்த குறிகள் இரு பக்கமும் சுருள் சுருளாகப் போகும். என்ன எழுதியிருக்கிறது என்று இன்னும் துலங்கவில்லை. கிரீட்டின் மாலியா என்ற இடத்தில் கிடைத்த தங்கப் பதக்கத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள்: இரண்டு தேனீக்கள், நடுவே ஒரு தேனடை, அத்தனையும் உள்ளங்கைக்குள் அடங்கும்.

வருகிறவர்கள் இன்றிரவுக்குள் பெயர் போடுங்கள், டிக்கெட் சேர்த்தே எடுத்துவிடலாம்.