பணிவு மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

அரசு முகப்பிட ஊழியர்கள் பணிவாகப் பேச வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் சரியே. ஆனால், எதிரில் நிற்பவரின் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டப்புறக் கிளினிக் ஒன்றில், ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த மூதாட்டியிடம் கணவர் பெயரைக் கேட்டார்கள். அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவர் அவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். காது மந்தம் போலும் என்று ஊழியர் குரலை உயர்த்தினார், மரியாதையாகத்தான்! பக்கத்தில் இருந்தவர் சொல்லித்தான் பதிவு முடிந்தது.

நம்மவர்களும் மலாய்ப் பெரியவர்கள் முன் ஆள்காட்டி விரலை நீட்டிப் பேசுகிறோம். அவர்கள் கட்டைவிரலால் சுட்டுவதைக் கவனிப்பதில்லை. ஊழியர் பயிற்சியில் அரைமணி நேரமேனும் உள்ளூர்ப் பெரியவர்களைப் பேசவிடலாம். கணவர் பெயரை உடன் வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்