அக்கா லேப்டாப்பும் ராத்திரி தூக்கமும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வாரம் இரண்டாம் வகுப்பு டீச்சர் லீவு என்பதால் நானே போய்க் கதை சொன்னேன். நரி காட்டுக்குள் நுழைவதற்குள் முன்வரிசைப் பயல் ஒருவன், "சார், இத ஸ்கிப் பண்ணுங்க" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் அதே வகுப்பில் முதல் பீரியடிலேயே மூன்று பிள்ளைகள் பைமேல் தலைவைத்துத் தூங்கினார்கள், எழுப்பிக் கேட்டால் ராத்திரி 11 மணி வரை அக்கா லேப்டாப்பில் கேம் என்று ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை. அப்பா கடலுக்குப் போயிருப்பார், அம்மா விடியுமுன் கடல்பாசி எடுக்கக் கிளம்ப வேண்டும், பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் பேத்திக்குச் சோறு ஊட்ட செல்போனை நீட்டியவன்தான்.

2011இல் இருந்து அரசு கொடுத்த லேப்டாப் பெரிய பிள்ளைகளின் படிப்புக்கு. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது இது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 5 வயது வரை நாளுக்கு 1 மணி நேரம், 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள், டிவி, செல்போன் எல்லாம் சேர்த்து. துபாயில் இருக்கிற அப்பாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு, அதை நிறுத்தாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை தூக்கம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு 9 மணி நேரமாவது வேண்டும், படுக்கும்போது கண்ணெதிரே வெளிச்சம் இருந்தால் தூக்கம் தள்ளிப்போகும், மறுநாள் சிடுசிடுப்பும் அழுகையும் எங்களிடம் வந்து சேரும். அதனால் படுக்க 1 மணி நேரம் முன்பே லேப்டாப்பை மூடி, பிள்ளைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.

அப்புறம் கண். திரையைப் பார்க்கும்போது பிள்ளைகள் இமைப்பது குறைந்து கண் உலர்ந்துவிடும், கசக்கிக்கொண்டே இருப்பார்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து தூரத்தில் நிற்கிற வல்லப் படகைப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வருவதும் குறைவு.

முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தி பாம்பன் புது ரயில் பாலத்தின் நடுப்பகுதியை மேலே தூக்குகிற வீடியோவை நாலு தடவை பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்தாயா என்றால் இல்லையாம். வீட்டிலிருந்து நடக்கிற தூரம்!

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குப் பெற்றோர் கூட்டம். லேப்டாப்பில் நேரக் கட்டுப்பாடு வைக்க கம்ப்யூட்டர் சார் காட்டித் தருவார், லேப்டாப்பையும் கொண்டுவாருங்கள். உங்களால் வர முடியாவிட்டால் பாட்டியை அனுப்புங்கள், சாயங்காலம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தானே.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்