ஈ-பே விளம்பரத்து முத்துசாமி அண்ணனுக்கு

அன்புள்ள கே. முத்துசாமி அண்ணனுக்கு,

நலமா என்று கேட்க வழியில்லை. 2019 ஜூலையில் இங்கே சிங்கப்பூரில் வந்த, ஈ-பே என்ற ரொக்கமில்லாக் கட்டண முறையின் விளம்பரத்தில், பெயர் அட்டையில் மட்டும்தான் நீங்கள் இருந்தீர்கள். அட்டைக்கு மேலே இருந்த முகம் டென்னிஸ் சியூ என்ற சீன நடிகருடையது. தோலைக் கறுப்பாக்கி உங்கள் பெயரை மாட்டிவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே முக்காடு போட்ட மலாய்ப் பெண், அதுவும் அவர்தான்.

உணவங்காடியிலும் காப்பிக்கடையிலும் ரொக்கம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பணம் கட்டலாம் என்று சொல்ல வந்த விளம்பரம் அது. சரி, நல்ல எண்ணம்தான்.

உங்கள் பெயருக்கு முன்னால் அந்த 'கே' போட்டிருந்தார்களே, எனக்குக் கண் அங்கேதான் போய் நின்றது. வெறும் முத்துசாமி போதாது, நம் வழக்கப்படி முன்னால் ஓர் எழுத்து வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். கந்தசாமியோ கருப்பையாவோ, உங்களுக்கு ஓர் அப்பாவைக்கூடத் தேடிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க ஒரு தமிழரைக் கூப்பிடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஆள் கிடைக்காத ஊரா இது? நடிகரை ஏற்பாடு செய்தது ஒளிபரப்பு நிறுவனமான மீடியாகார்ப்பின் கலைஞர் நிர்வாகப் பிரிவு. நம் தமிழ் ஒளிவழி வசந்தமும் அதே மீடியாகார்ப்புடையதுதான். பிரதான விழா என்று மேடை போட்டு நம் கலைஞர்களுக்கு விருது கொடுப்பவர்களும் அவர்களே. மலாய்க் கலைஞர்களுக்கு அவர்களுடைய சூரியா ஒளிவழி இருக்கிறது. ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

எல்லோரும் சாயத்தைப் பற்றியே பேசினார்கள். என்னை அதைவிட உறுத்தியது கூலிக் கணக்கு. எல்லோரும் பணம் கட்டலாம் என்ற விளம்பரத்தில், உங்கள் வேடத்துக்கான கூலி மட்டும் நம் ஆட்கள் எவருக்கும் போகவில்லை.

சியூ பல வேடம் போடுவதில் பேர்பெற்றவர், அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும், வேடம் கட்டுவது நமக்கும் புதிதில்லை. ஆனால் சீன அத்தையாக அவர் வந்தால், நிஜச் சீன அத்தைகள் எத்தனையோ பேர் திரையில் ஏற்கெனவே இருக்கிறார்கள். சிங்கப்பூர் மக்கள்தொகையில் இந்தியர்கள் நாம் சுமார் 9 சதவீதம். பெரிய விளம்பரங்களில் நமக்கென்று எப்போதாவது ஓர் இடம் வருகிறது, அதிலும் இரவல் முகம் என்றால் எப்படி?

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. மீடியாகார்ப் பிரிவும் ஹவாஸ் விளம்பர நிறுவனமும் மன்னிப்புக் கேட்டன, ஆகஸ்டில் சியூவும் கேட்டார். யூடியூபர் பிரீத்தி நாயரும் அவர் சகோதரர், ராப் பாடகர் சுபாஸ் நாயரும் கோபத்தில் ஒரு ராப் காணொளி போட்டார்கள். அதில் வசவு நிறைய. சீனர்கள் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டியது எனக்கும் பிடிக்கவில்லை. காவல்துறை அவர்களுக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை கொடுத்தது. விளம்பரமோ விதி எதையும் மீறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியாவில் தேக்காப் பக்கம் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள் அண்ணே. உங்கள் சாயலில் நாற்பது பேரை நானே வரிசையில் நிறுத்துகிறேன். நடிப்புக் கூலியை ஈ-பேயிலேயே அனுப்பட்டும், வாங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்த் தங்கச்சி ஒருத்தி