பல்க் மெயில்னு சொன்னாலே ஸ்பேம்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்துலேருந்து எழுதுறேன். எங்க ஊர்க் குளத்த தூர்வார்ற குழுவுக்கு நாந்தான் கணக்கு எழுதுறேன், பணம் குடுக்குறவங்க பாதிப் பேர் சிங்கப்பூர், துபாய், சென்னைன்னு வெளிய இருக்காங்க, வருசா வருசம் வரவு செலவு கணக்க அவங்க எல்லாருக்கும் மெயில்ல அனுப்பிடுவோம், இப்படி ஒரே மெயில பல பேருக்கு மொத்தமா அனுப்புறதத்தான் பல்க் மெயில்ங்குறாங்க. இந்த வருசம் 640 பேர் ஆயிட்டாங்க. ஜூன் 12 மேட்டூர் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டா குளத்துல பொக்லைன் எறக்க முடியாது, அதுக்குள்ள வேலைய முடிக்கணும்னா பணம் குடுக்குறவங்களுக்குக் கணக்கு மே மாசத்துக்குள்ள போயாகணும்.

வாட்ஸப்ல போடலாமேம்பீங்க. பிராட்காஸ்ட்ல ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான், அதுவும் நம்ம நம்பர அவங்க சேவ் பண்ணிருந்தாத்தான் போகும். சும்மா கெடைக்கிற ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேரத் தாண்ட விடாது. சரின்னு ஊர் பேர்ல ஒரு டொமைன் (மெயில் முகவரில @க்கு அப்புறம் வர்ற பேரு) வாங்கி அதுலேருந்து அனுப்புனா நெறைய பேருக்கு ஸ்பேம் ஃபோல்டருக்கு, அதாவது கேக்காம வர்ற குப்பை மெயில ஒதுக்குற எடத்துக்குப் போயிடுச்சு.

ஹோஸ்டிங் குடுத்த கம்பெனிக்கு (நம்ம மெயில் போக சர்வர்ல எடம் வாடகைக்கு விடுறவங்க) போன் பண்ணி 640 பேருக்கு ஒரே மெயில் போகணும், வழி சொல்லுங்கன்னுதான் கேட்டேன், ஸ்பேமெல்லாம் எங்க சர்வர்ல அனுப்பக் கூடாது சார், அக்கவுண்ட முடக்கிடுவோம்னு சொல்லி வச்சுட்டாங்க. டவுன் கம்ப்யூட்டர் சென்டர்லயும் அதே பார்வை. ஊர்க்காசுக்கு கணக்கு காட்டத்தான் போனேன், மனசு ரொம்ப நொந்துடுச்சு ஐயா. ஒடனே உதவுறேன்னு வந்த ஒரே ஆள் 50,000 மெயில் ஐடி லிஸ்ட் விக்கிறேன்னு வந்தவர்தான், அத வாங்கியிருந்தா நெசமாவே ஸ்பேம் அனுப்புனவனா ஆயிருப்பேன்.

கம்பெனிக்காரங்க பயம் புரியாம இல்ல. ஒரே சர்வர்ல பல பேர் இருக்காங்க, ஒருத்தர் கண்டபடி அனுப்புனா அந்த சர்வரோட ஐபி முகவரியே (நெட்டுல அதோட அடையாள நம்பர்) கருப்புப் பட்டியல்ல ஏறி மத்தவங்க மெயிலும் நின்னுடும், மேல ஒரு அடைப்பு விழுந்தா கடைமடை காயுறது நமக்குத் தெரியாததா. ஆனா சந்தேகம் வந்தா ஒரு வார்த்தை கேக்கணும்ல?

கேட்டது திருவாரூர்ல காலேஜ் படிக்கிற எங்க சொந்தக்காரப் பொண்ணுதான். "பெரியப்பா, இந்த முகவரியெல்லாம் அவங்களே குடுத்ததா, நீங்களா எடுத்ததா?"ன்னு மொதல்ல அதத்தான் கேட்டுச்சு. பாத்தா 23 முகவரி ஒரு ஸ்கூல் ஆண்டு மலர பாத்து நான் எழுதிக்கிட்டது, எடுத்துட்டோம். அப்புறம் டொமைன்ல எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு பதிவு போட்டுச்சு, மெயில் நெசமாவே இந்த டொமைன்லேருந்துதான் வருதுன்னு காட்டுற அத்தாட்சி அது. 2024 பிப்ரவரிலேருந்து கூகுளும் யாகூவும் இதுல கறாரா இருக்காங்க, ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்புறவங்க மூணும் வச்சிருக்கணும், விளம்பர மெயில்னா ஒரே கிளிக்ல வெலகிக்க வழியும் குடுக்கணும். ஆயிரம் மெயிலுக்கு மூணு பேர் ஸ்பேம்னு அழுத்துனாலே அனுப்புறவங்க டொமைன் பேர் கெட்டுடுமாம். வேண்டாம்னா சொல்லுங்க எடுத்துடுறோம்னு நாங்களும் கீழ ஒரு வரி போட்டு நாலு நாளா பிரிச்சு அனுப்புனோம், பெரும்பாலும் இன்பாக்ஸ்லயே விழுந்துச்சு.

விதைத் திருவிழா நடத்துறவங்க, கோயில் திருப்பணிக் கமிட்டி, பழைய மாணவர் சங்கம்னு நம்ம டெல்டாவுல இது தேவைப்படுறவங்க நெறைய இருக்காங்க, உங்க பேப்பர்ல ஒரு அரைப் பக்கமாவது இத தமிழ்ல வெளங்குற மாதிரி போடுங்க ஐயா. ஹோஸ்டிங் கம்பெனிக்காரங்களும் போன வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு கேட்ட கேள்விய கேளுங்க.

இப்படிக்கு,
மன்னார்குடி பக்கத்து வாசகர்