வானொலி நேயர் மன்றம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மன்றத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையின் படி அஞ்சலில் போகும். அவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காகச் சில பகுதிகளைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. பிப்ரவரி 13, உலக வானொலி நாளில் இனிப்பு வழங்கினோம். செயற்குழு விதிப்படி கூடியது. இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராததால் கலைந்தது. மூத்த உறுப்பினர்கள் இருவர் காலமானார்கள். 2017 ஏப்ரலில் பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நிற்கும்வரை ஒரு நாள் விடாமல் கேட்டவர்கள் அவர்கள். மன்றம் தன் அஞ்சலியைச் செலுத்துகிறது.

ஜூலை 31 அன்று நூலக மாடியில் சிறப்புக் கூட்டம் நடந்தது. 1924இல் அதே நாளில்தான் சென்னை மாகாண வானொலி கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய பொறியாளர் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி கொண்டுவந்த பாகங்களில் உருவான 40 வாட் ஒலிபரப்பி. அது வெளிவிட்ட ஆற்றல் நம் வீட்டுப் பழைய மின்விசிறி இழுக்கும் மின்சாரத்தைவிடக் குறைவு. அரசு இத்துறைக்கு வரும் முன்பே ஆர்வலர்கள் கூடி நடத்திய முயற்சி அது. மூன்றே ஆண்டில், 1927இல், பணம் இல்லாமல் மூடப்பட்டது. பிறகு கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போய் 1930இல் மறுபடியும் பேசத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இலும் நம் திருச்சி நிலையம் 1939 மே 16இலும் வந்தன. இவற்றையெல்லாம் கூட்டத்தில் விளக்கினேன். ‘பணம் இல்லாமல்’ என்ற இடத்தில் சற்று நிறுத்திப் பேசினேன். பொருளாளர் மட்டும் தலையசைத்தார். மழை வரும் என்று பயந்து பலர் வரவில்லையாம். அன்று மழை பெய்யவில்லை.

மாதக் கடைசி ஞாயிறு கேட்பு அரங்கில் கலை, வரலாறு, அறிவியல் உரைச்சித்திரங்களை, அதாவது பேச்சும் சத்தமும் சேர்த்து ஒரு பொருளை விளக்கும் வானொலி நிகழ்ச்சிகளை, பதிவிலிருந்து ஒலிக்கவிட்டுப் பிறகு கலந்துரையாடினோம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பற்றிய நிகழ்ச்சி எல்லோருக்கும் பிடித்திருந்தது. சூரியனின் கரும்புள்ளியில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் அங்கேதான் கண்டறிந்தார். வாயு ஓடும்போது, ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடு எப்படி இடம் பெயர்கிறது என்று நிகழ்ச்சியில் விளக்கியபோது, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். படம் காட்டினால்தான் அறிவியல் புரியும் என்பவர்கள் ஒருமுறை வந்து அவரைப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மனிதப் பரிணாமம் பற்றி வானொலி 18 மொழிகளில் நீண்ட தொடர் ஒலிபரப்பியபோது, பள்ளிப் பிள்ளைகள் பெயர் பதிவு செய்துகொண்டு கேட்டார்கள். இன்று நூலக மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. இளைஞர்களைச் சொல்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். மன்றமே ஓர் உரைச்சித்திரம் தயாரிப்பது என்று சென்ற ஆண்டுப் பொதுக்குழு தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான் என்பது உண்மைதான். ஆனால் கை தூக்கியவர்கள் எல்லோரும். பொருள்: காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தில் உள்ள முக்கொம்பு மேலணை. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாகவும் சரிவாகவும் இருப்பதால் தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி வறண்டு, தஞ்சைப் பாசனம் கெட்டுக்கொண்டிருந்தது. அதைத் தடுக்க 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் அணை கட்டத் தொடங்கினார். மணல் படுகையில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்து கற்றதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த மேலணையில்தான் 2018 ஆகஸ்டில் 45 மதகுகளில் ஒன்பது வெள்ளத்தோடு போயின. இத்தனை கதையும் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடக்கிறது.

சென்ற ஆண்டு ஜூலை இறுதியில் மேட்டூர் நிரம்பி, உபரி நீர் கொள்ளிடத்தில் பாய்ந்தபோது ஒலிப்பதிவுக்குப் போனோம். போனவர்கள் நானும் கல்லூரி மாணவர் ஒருவரும். வருவதாகச் சொன்ன ஐந்து பேருக்கும் அன்று ஏதோ வேலை. தண்ணீருக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டினால், நிலையம் சரியாகப் பிடிக்காத வானொலிப்பெட்டியின் இரைச்சல்தான் பதிவாகிறது. தள்ளி நின்று, வேடிக்கை பார்க்க வந்தவர்களின் பேச்சும் கடலை விற்பவரின் குரலும் முன்னே கேட்க, வெள்ளம் பின்னே உறுமும்படி எடுத்த பிறகுதான் ஆறு ஆறாகக் கேட்டது. மதகை இயக்கும் ஊழியராக இருந்து ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர் மதகைத் தூக்கும்போது பல்சக்கரம் எழுப்பும் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். நடுவில் இருமினார்; டீ தம்ளரை வைத்த சத்தமும் பதிவாகியிருக்கிறது.

லஸ்கர் பேசியதை நல்ல தமிழில் எழுதி, குரல்வளம் உள்ள ஒருவரைக் கொண்டு வாசிக்க வைக்கலாம் என்று துணைத் தலைவர் செயற்குழுவில் சொன்னார். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இங்கிலாந்தில் பிரேக் இழந்த ரயிலை விட்டுக் குதிக்காமல் 1957இல் உயிர் விட்ட ஓட்டுநர் ஜான் ஆக்சனைப் பற்றி நிகழ்ச்சி செய்யப் போன பிபிசி தயாரிப்பாளர் சார்லஸ் பார்க்கர் குழுவினர், ஆக்சனுடன் வேலை பார்த்தவர்களின் பேச்சைக் குறிப்புக்காகத்தான் பதிவு செய்தார்கள். கேட்ட பிறகு, அதை நடிகர்கள் வாயில் போட மனம் வராமல் அசல் குரல்களையே 1958இல் ஒலிபரப்பினார்கள். இதை நான் எடுத்துச் சொன்னேன். லஸ்கரின் குரல் இருமலோடு அப்படியே இருக்கும்.

‘செயலாளர் மன்றப் பணத்தில் விளையாட்டுச் சாமான் வாங்கினார்’ என்று ஒலிப்பதிவுக் கருவியைப் பற்றிப் பேசப்படுவது என் காதுக்கும் வந்தது. கைபேசியே போதாதா என்கிறார்கள். கைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தொடர்ந்து வரும் இரைச்சலை வேண்டாத சத்தம் என்று தானே அமுக்கிவிடும். கொள்ளிடத்து வெள்ளத்தை அமுக்கிவிட்டு முக்கொம்பைப் பற்றி என்ன சொல்வது? காற்றுக்கு மைக்கின் மேல் மாட்டும் உறையை என் சொந்தச் செலவில் வாங்கினேன். அது கணக்கில் வராது. ஆனாலும் இங்கே பதிவு செய்கிறேன்.

சந்தா பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ரசீதுப் புத்தகத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள். வானொலிப்பெட்டி வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்த உரிமப் புத்தகத்தை இன்னும் பத்திரமாக வைத்திருப்பதாகப் பெருமையோடு என்னிடம் காட்டிய உறுப்பினரே மூன்றாண்டுச் சந்தா பாக்கி வைத்திருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சென்ற ஆண்டு இருப்பு, சந்தா, நன்கொடை ஆகியவை வரவு. ஒலிபெருக்கி வாடகை, தபால், தேநீர், கருவி ஆகியவை செலவு. கையிருப்பு கவலைப்படும்படி இல்லை; மகிழும்படியும் இல்லை.

இடம் தந்த நூலகருக்கும், நாற்காலி தந்து வாடகையில் தள்ளுபடி செய்தவருக்கும், அறிக்கையைத் தட்டச்சு செய்த என் மருமகளுக்கும் நன்றி. துணைத் தலைவருக்கும் நன்றி.

உரைச்சித்திரம் முக்கால் பங்கு முடிந்திருக்கிறது. கடைமடை விவசாயிகளின் குரல்களை இன்னும் எடுக்க வேண்டும். ஒலித்தொகுப்பு செய்துவந்த மாணவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார். கணினி தெரிந்த பிள்ளைகள் யார் வீட்டிலாவது இருந்தால் அனுப்பிவையுங்கள். எனக்கும் வயதாகிறது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியை இன்றே ஒப்படைக்கத் தயார். முன்வருபவர் கருவியை இயக்கவும், கடைமடைக்கு வண்டி வைத்துப் போகவும், லஸ்கருக்கு வாக்குக் கொடுத்தபடி நிகழ்ச்சியை முடிக்கவும் தயாராக இருக்க வேண்டும். யாரும் இல்லையென்றால், சபை கேட்டுக்கொள்ளும்பட்சத்தில் நானே தொடர்வது பற்றி யோசிக்கலாம்.

கூட்டம் முடிந்ததும் சிற்றுண்டி உண்டு. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு படிக்கட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பார். இறங்குவதற்கு வேறு வழி கிடையாது.

இப்படிக்கு,
செயலாளர்