கண்டுபிடிப்பாளர் பெயர் மட்டும் போதாது: காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: காப்புரிமை, வடிவமைப்பு, வணிகக் குறிகள் தலைமைக் கட்டுப்பாட்டாளர் அவர்கள்
அனுப்புநர்: கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்ப் பொருள் செய்வோர், அவர்களுக்குக் காப்புரிமை மனு எழுதிக் கொடுப்போர்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு (ஏஐ) கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை உண்டா என்ற வழக்குகள் எல்லாம் மனுவில் உள்ள ஒரே கட்டத்தைச் சுற்றியே நடந்தன. ஸ்டீபன் தேலர் என்பவர் கண்டுபிடிப்பாளர் பெயருக்கான இடத்தில் தன் 'டாபஸ்' என்ற ஏஐ எந்திரத்தின் பெயரை எழுதினார். தென்னாப்பிரிக்கா 2021இல் உரிமை கொடுத்தது. அங்கே மனுவின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து பார்க்கும் வழக்கமே இல்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு நீதிபதி ஒப்புக்கொண்டதை 2022இல் முழு அமர்வு தள்ளிவிட்டது. கண்டுபிடிப்பாளர் மனிதராகத்தான் இருக்க முடியும் என்று 2023 டிசம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, உண்மையான முதல் கண்டுபிடிப்பாளரோ, அவரிடம் உரிமையை எழுதி வாங்கியவரோ, அவருடைய சட்டப்படியான வாரிசோதான் மனு போடலாம். எந்திரம் யாருக்கும் எதையும் எழுதிக் கொடுக்காது. 2021இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதற்கெனத் தனி உரிமை வகை வேண்டும் என்றது. 2024 பிப்ரவரியில் அரசு தேவையில்லை என்றது. அரசு சொன்னதுதான் சரி.

ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் எந்திரத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தங்கள் பெயரைத்தான் எழுதுவார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் ஓடும் விசைப்படகு எஞ்சினுக்கு கேஸ்கட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவை அடைக்கும் ரப்பர்த் தகடு) வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'டீசலும் உப்புத்தண்ணீரும் தாங்கும் கலவை சொல்' என்று ஏஐயிடம் கேட்டால் நொடியில் ஒரு பட்டியல் வரலாம்: இயற்கை ரப்பர் 100 பங்கு, ஜிங்க் ஆக்சைடு 5, ஸ்டியரிக் ஆசிட் 2, கார்பன் பிளாக் 45, கந்தகம் 2.5, டிஎம்டிடி 1. பார்வைக்குப் பாடப்புத்தகம் போலவே இருக்கும். கலவையை உருளைகளுக்கு நடுவே பிசையும் மில்லில் ஏற்றினால் தெரியும் சங்கதி. கந்தகமும், வேக்காட்டை விரைவாக்கும் முடுக்கியான டிஎம்டிடியும் இந்த அளவில் சேர்ந்தால் கலவை மிக வேகமாக வேகும், அதாவது சூட்டில் இறுகிவிடும். உருளைச் சூட்டிலேயே வேகத் தொடங்கி, தகடாக வராமல் பொரிந்து உதிரும். தொழிலில் இதை 'ஸ்கார்ச்' என்பார்கள். தாமதமாக வேலை தொடங்கும் சிபிஎஸ்ஸை முக்கிய முடுக்கியாக வைத்து, டிஎம்டிடியை 0.1 அல்லது 0.2 பங்குக்குக் குறைத்தால் இது தீரும்.

அதைத் தீர்த்தாலும் கேஸ்கட் நிற்காது. இயற்கை ரப்பரும் டீசலும் ஹைட்ரோகார்பன்கள். ரப்பருக்குள் டீசல் ஊறி, கேஸ்கட் உப்பி, போல்ட்டுக்கு நடுவே பிதுங்கிக்கொண்டு வெளியே வரும். நைட்ரைல் ரப்பர் வேண்டும். நைட்ரைல் விலை கட்டவில்லை என்று நம் ஊர் இயற்கை ரப்பர் ஷீட்டையும் கொஞ்சம் சேர்த்தால் அடுத்த தொல்லை: இரண்டும் ஒன்றில் ஒன்று கரையாது. கந்தகமும் முடுக்கியும் இரண்டுக்கும் சமமாகப் பிரியாமல், ஒரு பகுதி அதிகம் வெந்தும் மற்றது வேகாமலும் நிற்கும். அச்சிலிருந்து எடுக்கும்போது அழகாகத்தான் இருக்கும். இழுவையிலும் சூட்டிலும் கிடந்த பிறகு இரண்டும் சேரும் இடத்தில் கிழியும்.

ஸ்கார்ச்சை நிறுத்துவதும் நைட்ரைலுக்கு மாறுவதும் புத்தகத்தில் உள்ளவை. அதற்குக் காப்புரிமை கேட்பவரைத் திருப்பி அனுப்புவதே நியாயம். எந்த ரப்பரில் எந்தப் பொருளை முதலில் கலப்பது, எந்தச் சூட்டில் இரண்டையும் சேர்ப்பது என்று பல தொகுதிகளைப் பாழாக்கிப் பார்த்து, கிழியாத கலவைக்கு ஒருவர் வந்து சேர்ந்தால் அவரைக் கண்டுபிடிப்பாளர் எனலாம். கண்டுபிடிப்பாளர் யார் என்று உறுதி சொல்லும் இன்றைய படிவம் 5இல் இவரும், பட்டியலை அப்படியே நகலெடுத்தவரும் ஒரே உறுதிமொழியில் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுகிறார்கள்.

ஆகவே படிவம் 5இல் மூன்று கேள்விகள் சேருங்கள். எந்தெந்த உரிமைக்கோரலின் (மனுதாரர் தனக்கே உரியது என்று கேட்பதன்) அம்சம் ஏஐ தந்தபடியே வந்தது? அதில் மனிதர் எதை, ஏன் மாற்றினார்? எது கையால் செய்து சோதிக்கப்பட்டது? மனிதரின் பங்கு கணிசமா என்று அளந்து பார்க்க அமெரிக்க அலுவலகம் 2024 பிப்ரவரியில் வழிகாட்டுதல் கொடுத்து, 2025 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த அளவுகோலை நாங்கள் கேட்கவில்லை. பதிவு இருந்தால் போதும். ஏஐயைப் பயன்படுத்தியதற்காக மட்டும் மனுவைத் தள்ளக் கூடாது. தள்ளினால் எல்லோரும் மறைப்பார்கள். பொய் எழுதி வாங்கிய காப்புரிமையை ரத்து செய்ய 64(1)(j) பிரிவு ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம். 10(4) பிரிவு கேட்கும் முழு விவரத்துக்குப் பதிலாக, நாற்பது 'எடுத்துக்காட்டு'களை இழுவலிமை எண்களோடு ஏஐ எழுதித் தந்துவிடும். ஒன்றுகூட அச்சுக்குள் போயிருக்காது. அமெரிக்காவில் செய்யாத சோதனையை இறந்தகாலத்தில் எழுதக் கூடாது. தமிழருக்கு வினைமுற்றின் அருமை தெரியும். இந்த விதி நமக்கும் வரட்டும். ரப்பர் மனு என்றால் எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் வேகவைத்தது, எந்த எண்ணெயில் எத்தனை மணி நேரம் ஊறப்போட்டு எடை பார்த்தது என்று இருக்க வேண்டும். செய்து பார்க்காத வரிசைக்கு எதிரே 'கணிப்பு' என்று எழுதட்டும்.

துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தெரிவது கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது 2(1)(ja) பிரிவு. அந்தத் 'துறை அறிந்தவர்' கையிலும் இப்போது ஏஐ இருக்கிறது என்றே கொள்ளுங்கள். ஒரே கேள்வியில் யாருக்கும் கிடைக்கும் கலவை அவருக்கு வெளிப்படையானதுதான். அதேபோல், ஏஐ கொட்டி இணையத்தில் போட்ட லட்சம் கலவைகளில் ஒன்று ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் உண்மையில் செய்தவரின் மனு சாகக் கூடாது. அதைப் படித்து ஒருவர் செய்து பார்க்க முடியுமா என்பதே அளவுகோல்.

சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பும் வெளியிடுங்கள்: கலவையைப் பொது ஏஐ சேவையில் ஒட்டுவதற்கு முன் தற்காலிக மனு போட்டுவிடுவது நல்லது. தனிநபருக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரம் கொடுக்க 12 மாதம் இருக்கிறது. முன்கூட்டி வெளியானதை மன்னிக்கும் பொதுவான சலுகைக் காலம் நம் சட்டத்தில் கிடையாது.

கடைசியாக எண்ணெய், லேகிய விஷயம். வர்ம வைத்தியம் தழைத்த மாவட்டம் இது. பல முறைகள் ஓலையிலும் வாய்மொழியிலும் மட்டுமே இருக்கின்றன, தேர்வாளர்கள் தேடிப் பார்க்கும் பாரம்பரிய அறிவு மின்நூலகத்தில் ஏறாதவை ஏராளம். அங்குமிங்கும் கிடைத்த துணுக்குகளை ஒட்டி ஏஐ ஒரு 'புதிய' தைலம் சொன்னால், தேடிப் பார்க்கும் தேர்வாளருக்கு எதுவும் சிக்காது. 25(1)(k) பிரிவு வாய்மொழி அறிவையும் எதிர்ப்புக்குக் காரணமாக ஏற்கிறது, நல்ல பிரிவு. ஆனால் எதிர்க்க வேண்டிய விளவங்கோட்டு ஆசானுக்கு மனு வந்ததே தெரியாது. மனுக்களை வெளியிடும் உங்கள் வெள்ளிக்கிழமை இதழ் ஆங்கிலத்தில் வருகிறது. மனுவை வெளியிட்ட பிறகு உரிமை வழங்க ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது விதி. மூலிகைப் பெயர் உள்ள மனுக்களின் சுருக்கத்தை, தாவரத்தின் தமிழ்ப் பெயரோடு, அந்த ஆறு மாதத்தின் முதல் வாரத்திலேயே தமிழில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மேற்கண்டோர்